மிதக்கும் பூச்சியும் பொறுக்காத கையும்

பினாங்கு கடலில் ஃபிளை தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஓராண்டாக எட்டாம் எண் கோலில், இழுத்தால் நீரில் சத்தமெழுப்பும் ‘பாப்பர்’ என்ற மிதக்கும் செயற்கைப் பூச்சியைக் கட்டிக்கொண்டு பத்து மாவுங் கடற்பகுதியில் படகிலிருந்து வீசி வருகிறேன். தாலாங் (குயின்ஃபிஷ்) மீன்கள் நீரைக் கிழித்துக்கொண்டு பாய்கின்றன. ஆனால் பத்துப் பாய்ச்சலில் எட்டு வெறுமையாகவே முடிகிறது. முள்ளைக் கூட மாற்றிப் பார்த்துவிட்டேன். தவறு எங்கே இருக்கிறது? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பதில்: முள்ளிலும் சிறிது தவறு இருக்கலாம், பெரும்பகுதி கையில்தான் இருக்கிறது. மூழ்கும் பூச்சியில் மீன் கவ்வியதை விரல்தான் முதலில் அறியும். மிதக்கும் பூச்சியிலோ, மீன் வாயை மூடுவதற்கு முன்பே நீர் வெடிப்பதைக் கண் பார்த்துவிடுகிறது. பார்த்த கணத்திலேயே கை கோலை மேலே தூக்கிவிடுகிறது. விரைந்து வரும் தாலாங் தனக்கு முன்னால் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டுதான் வரும் என்பதால், ஓரிரு கிராம் எடையுள்ள பாப்பர் அந்த அலையிலேயே ஒதுங்கிவிடுவதும், முதல் பாய்ச்சல் குறி தவறிப்போவதும் இயல்பு. அந்த நேரத்தில் நீங்கள் கோலைத் தூக்கினால், திரும்பி வந்து கவ்வ நினைக்கும் மீனுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. பாப்பர் உங்கள் தலைக்குப் பின்னால் பறந்துகொண்டிருக்கும்.

ஆகவே கோலின் நுனியை நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, பாப்பரை நோக்கி நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் வெடித்தாலும் நிறுத்தாமல், கயிற்றை இடக்கையால் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருங்கள். மீனின் எடை கையில் தெரிந்த பிறகே ஒரு நீண்ட இழுப்பால் முள்ளைப் பதிக்க வேண்டும். மீன் தவறவிட்டிருந்தால் பாப்பர் ஓர் அடி மட்டுமே நகர்ந்திருக்கும்; மீன் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதன்மேல் பாயும். அதோடு, வளையும் கோல் இழுப்பின் விசையைத் தானே உண்டுவிடும். நேராக இழுக்கப்படும் கயிறு அதை முழுமையாக முள்ளின் கூருக்குக் கொண்டு சேர்க்கும். ‘மூன்று எண்ணிவிட்டு இழு’ என்று சிலர் சொல்லித் தருவதை நானும் முயன்றிருக்கிறேன். அந்தப் பரபரப்பில் ஒன்றைத் தாண்டி எண்ணியதாக எனக்கு நினைவில்லை.

முள்ளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் பாருங்கள். பாப்பரின் உடல் முள்ளின் தண்டுக்குக் கீழே தடித்து இறங்கியிருந்தால், முள்ளின் வாய் அடைபட்டு, கூர் மீனின் தாடையைத் தொடவே தொடாது. உடலின் பெரும்பகுதி தண்டுக்கு மேலே அமரும்படி ஒட்டி, கீழே சுண்டுவிரல் நுழையும் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். வால் மயிரையும் குறையுங்கள். வாலை மட்டும் கடித்துவிட்டுத் திரும்பும் மீன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இழுக்கும் வேகம் மீனுக்கு மீன் மாறும். தாலாங்குக்கும் பாரைக்கும் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரு கைகளாலும் மாறி மாறி விரைவாக இழுக்கலாம். சியாகாப் என்று நாம் வாங்கும் கொடுவாவுக்கு அது ஆகாது. இரண்டு முறை சத்தமெழ இழுத்துவிட்டு, வட்ட அலைகள் அடங்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அது பாப்பரை உறிஞ்சி உள்ளிழுக்கும்.

கேள்வி: கயிற்றுக்கும் பாப்பருக்கும் இடையே கட்டும் நுனி நரம்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக விலை கூடிய ஃபுளோரோகார்பன் நரம்பு வாங்கினேன். அதன் பிறகு பாப்பர் சத்தமே எழுப்புவதில்லை. (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025, நைலான் நரம்பின் (தங்கூசியின்) அடர்த்தி சுமார் 1.14; ஃபுளோரோகார்பனுக்கோ அது ஏறத்தாழ 1.78. உங்கள் நரம்பு விரைவாக மூழ்கி, பாப்பரின் மூக்கைக் கீழே இழுப்பதால், அது நீரைத் தள்ளிச் சத்தமெழுப்புவதற்குப் பதிலாகக் குனிந்து உள்ளே போகிறது. மிதக்கும் பூச்சிக்கு விலை குறைந்த நைலானே சிறந்தது. ஏழு முதல் ஒன்பது அடி நீளம் போதும். சியாகாப்பின் செவுள் மூடி கத்தியைப் போல் நரம்பை அறுக்கும் என்பதால், கடைசி ஓர் அடிக்கு 40 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பைக் கட்டுங்கள். பாப்பரை இறுக்கி முடியாமல், சிறு வளையம் விட்டு முடிந்தால் அது தடையின்றித் துள்ளும்.

கேள்வி: பழைய ஜப்பான் சிலிப்பரை வெட்டிப் பாப்பர் செய்யலாமா? (ஜார்ஜ்டவுன் வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். காற்றறைகள் மூடிய நுரைப்பொருள் நீரை உறிஞ்சாது. முள்ளின் தண்டில் முதலில் நெருக்கமாக நூலைச் சுற்றி அதன்மேல் ஒட்டுங்கள். வழுவழுப்பான தண்டில் ஒட்டினால் இரண்டாவது மீனிலேயே உடல் சுழன்றுவிடும். தொடக்கத்தில் குழிமுகப் பாப்பரைவிட, அமெரிக்காவின் ஜாக் கார்ட்சைட் வடிவமைத்த ‘கர்க்ளர்’ எளிது: மெல்லிய நுரைப்பட்டை ஒன்றை முதுகின்மேல் மடித்துக் கட்டி, முன்னால் சிறு உதடு போல நீட்டிவிட்டால் வேலை முடிந்தது. அது வீசும்போது காற்றை அவ்வளவாக எதிர்க்காது. கண்ணாடி போன்ற காலைநீரில் மீனை மிரட்டவும் செய்யாது. அலை சற்று எழும்பியிருக்கும் நாளில்தான் குழிமுகத்தின் உரத்த சத்தம் தேவைப்படும்.

கேள்வி: எந்த நேரத்தில் போவது நல்லது? (தெலுக் பகாங் வாசகர்)

பதில்: பினாங்கில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. நீர் ஓடிக்கொண்டிருக்கும் வேளை விடியலோடு சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் மங்கலாகவும் காற்று அடங்கியும் இருக்கும்போதுதான் மீன் மேலே வரும். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ‘சுமத்ரா’ எனப்படும் புயற்காற்று வரிசை பெரும்பாலும் அதே விடியலுக்கு முன்னும் பின்னும்தான் மலாக்கா நீரிணையைக் கடந்து வருகிறது. மேற்கே கருமுகில் சுவர்போல் எழுந்தால் உடனே கரை திரும்புங்கள். நம் கோல்கள் கார்பனால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடி கேட்கும்வரை காத்திராமல் கோலைப் படகின் தரையில் கிடத்திவிடுங்கள்.