சுகர் ஆப்புக்கு 30,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 66 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர், ஒரு சுகர் ஆப்பில் ஆறு மாதத்துக்கு 30,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். சர்க்கரையை விடாமல் அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டி, கோச் ஒருவர் போனிலேயே பார்த்துக்கொள்வாராம், போகப்போக மாத்திரையே தேவைப்படாதாம். மாமாவோ போனைத் தொடவே மாட்டேன் என்கிறார். கட்டலாமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: கட்டாதீர்கள். சென்சாரைக் குறை சொல்லவில்லை, விற்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

மாத்திரையே வேண்டாம் என்ற பேச்சை முதலில் பார்ப்போம். பிரிட்டனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், எடையை நன்றாகக் குறைக்க வைத்தபோது 46 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. உண்மைதான். ஆனால் அதில் சேர்த்ததே சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை, இன்சுலின் போடாதவர்களை. இந்த வரியை மட்டும் விற்பனைக்கு வருகிறவர் விழுங்கிவிடுவார். மாமாவுக்குப் பத்து வருடம் ஆகிவிட்டது.

இதைவிட எனக்குப் பயம் வேறு. கோச் என்கிறவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை, மாத்திரையில் கை வைக்க அவருக்கு உரிமையும் இல்லை. 'சோறு, இட்லியை நிறுத்துங்க' என்று மட்டும் சொல்வார். மாமா கீழ்ப்படிந்து நிறுத்திவிடுவார், கிளிமிபிரைடு அதே அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் பார்க்காமலே கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்குச் சென்சாரை நானே எழுதிக் கொடுப்பேன். ராத்திரி ரெண்டு மூணு மணிக்குச் சட்டை நனைய வேர்ப்பது, கெட்ட கனவு, காலையில் தலைவலி, ஆனால் வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு சரியாகவே இருப்பது. இப்படி இருந்தால் தூக்கத்தில் சர்க்கரை இறங்குகிறதா என்று தெரிந்தே ஆகவேண்டும். அதற்கும் ஒரு சென்சார் போதும், ரெண்டு வாரம், சந்தா தேவையில்லை. அது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் இருக்கும் நீரை. அதனால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். ஒட்டிய கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் பொய்யாகவும் குறைத்துக் காட்டும். ஆள் நடுங்கும்போது போன் 'நார்மல்' என்றால் போனை நம்பாதீர்கள், விரலில் குத்திப் பாருங்கள்.

ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அப்படி எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரித்தது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் அதில் தெரியும் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? சாதாரண மீட்டர் ஒன்று, ஸ்ட்ரிப் ஒரு டப்பா. வாங்கிய அன்றே மீட்டரில் தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். முக்கால்வாசி வீடுகளில் இதைச் செய்வதே இல்லை, மெமரியைத் திறந்தால் எல்லாம் ஏதோ ஒரு வருடத்து நள்ளிரவைக் காட்டும், எனக்கு ஒன்றும் புரியாது. ஸ்ட்ரிப் டப்பாவை இறுக மூடுங்கள், வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிடாதீர்கள். மாம்பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் மாம்பழச் சர்க்கரையும் சேர்ந்துதான் வரும்.

ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு முன்னால் ஒரு தடவை, முதல் வாய் வைத்து ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. அடுத்த நாள் நாலு இட்லி மூன்றாகி, கூட ஒரு முட்டையோ சுண்டலோ சேரட்டும், எண் எப்படி மாறுகிறது என்று மாமாவே பார்க்கட்டும். குத்துவதும் படிப்பதும் அவர். நீங்கள் மீட்டரைப் போட்டோ எடுத்து உங்கள் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவரிடம் ஒரு நிபந்தனை: '210ஆ? என்ன தின்னீங்க?' என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மூன்றாம் நாள் மாமா மீட்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்.

இவ்வளவு எழுதிக்கொண்டு போனாலும் அதைப் பார்க்க டாக்டருக்கு நேரம் வேண்டுமே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் வீட்டில் எடுத்த அளவு டாக்டர் கண்ணில் படுவதற்கு அரசிலும் சரி, தனியாரிலும் சரி, எளிதான வழியில்லை. ஆளுக்கொரு ஃபைல், ஆளுக்கொரு ஆப். டோக்கன் நம்பர் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பத்து நாள் அளவுகளை ஒரே தாளில் எழுதி, 70க்குக் கீழ் வந்ததையும் 250ஐத் தாண்டியதையும் சிவப்பில் வட்டமிட்டு, உட்கார்ந்ததும் மேஜைமேல் வையுங்கள். கிளிமிபிரைடு அளவு இவருக்கு இன்னும் சரிதானா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். சிவப்பு வட்டத்தில் 70க்குக் கீழே ரெண்டு இருந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே போய்விடுங்கள்.