சீசன் முடிய ஏழு வாரம்: எந்தத் தூரத்தைத் துரத்துவது?

கேள்வி: எனக்கு வயது 44. கடந்த அக்டோபர் முதல் கான்செப்ட்2 ரோயிங் மெஷினில் (துடுப்பு வலிப்பது போன்ற உடற்பயிற்சி இயந்திரம்) வாரம் ஐந்து நாள் பயிற்சி செய்கிறேன். இந்த சீசனில் (கான்செப்ட்2 கணக்கில் மே 1 முதல் ஏப்ரல் 30 வரை) என்னுடைய சிறந்த நேரங்கள்: 500 மீட்டர் 1:48.0, 2000 மீட்டர் 8:04.6, 5000 மீட்டர் 21:45. முப்பது நிமிடத்தில் 6750 மீட்டர். ஏப்ரல் 30க்குள் எல்லாவற்றையும் ஒருமுறையாவது முந்திவிட ஆசை. ஒவ்வொரு சனிக்கிழமையும் 2000 மீட்டரை முழு மூச்சாக இழுத்துப் பார்க்கிறேன். ஐந்து வாரமாக ஒரு வினாடிகூடக் குறையவில்லை. டேம்பரை, அதாவது சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, உச்சமான 10இல்தான் வைத்திருக்கிறேன். 8:04.6 எடுத்த அன்று நான்கு கால்பகுதிகளின் (ஒவ்வொன்றும் 500 மீட்டர்) நேரம் 1:55.0, 2:00.8, 2:04.6, 2:04.2. எதை மாற்ற வேண்டும்? எந்தத் தூரத்தை முதலில் துரத்த வேண்டும்?

பதில்: முதலில், சனிக்கிழமைச் சோதனையை நிறுத்துங்கள். முழு மூச்சு 2000 மீட்டர் உங்கள் திறனை அளக்கும், வளர்க்காது. அதற்கு முன் இரண்டு நாள் உடலைக் காப்பாற்றுகிறீர்கள், பின் இரண்டு நாள் தேற்றுகிறீர்கள். பயிற்சி செய்ய வாரத்தில் என்ன மிஞ்சும்? ஐந்து வாரமாக ஒரே எண் வருவது உங்கள் எல்லை அதுதான் என்பதைக் காட்டவில்லை. ஐந்து வாரமாக எதையும் கட்டவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

இனி உங்கள் நான்கு எண்களையும் தனித்தனியாகப் பார்க்காமல் அருகருகே வையுங்கள். ரோயிங் மெஷின்காரர்களிடையே ‘பால் விதி’ என்று ஒரு தோராயக் கணக்கு புழங்குகிறது: தூரம் இரட்டிப்பானால் 500 மீட்டருக்கான நேரம், அதாவது ஸ்பிளிட், ஏறக்குறைய 5 வினாடி கூடும், தூரம் பாதியானால் 5 வினாடி குறையும். இது இயற்கை விதியல்ல. வேகமும் தாங்குதிறனும் சமமாக வளர்ந்த ஒருவருக்குப் பொருந்தும் கைக்கணக்கு. ஒருவரிடம் எது குறைகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது.

உங்கள் 2000 மீட்டர் ஸ்பிளிட் 2:01.15. அதை வைத்துக் கணக்கிட்டால் 500 மீட்டருக்கு ஏறக்குறைய 1:51 வர வேண்டும். நீங்கள் 1:48 இழுத்திருக்கிறீர்கள். மூன்று வினாடி முன்னால் இருக்கிறீர்கள். 5000 மீட்டருக்கு 2:07.8, அதாவது 21:18 வர வேண்டும். நீங்கள் எடுத்ததோ 21:45. முப்பது நிமிடத்தில் 6900 மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும், 6750இல் நிற்கிறீர்கள். தூரம் நீள நீளப் பின்தங்குகிறீர்கள். கால் வலு தாராளமாக இருக்கிறது; நெடுநேரம் தாங்கும் திறன்தான் குறைவு. இப்படிப்பட்டவர் 2000 மீட்டரை மோதி மோதி உடைக்கப் பார்ப்பது வீண். உங்கள் 2000 மீட்டர் நேரம் குறைவதற்கான வழி முப்பது நிமிடத்தின் வழியாகப் போகிறது.

இன்னொரு கணக்கும் இதையே சொல்கிறது. இந்த இயந்திரத்தில் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. ஒரு மீட்டருக்கு எத்தனை வினாடி என்ற எண்ணின் மும்மடியால் 2.80ஐ வகுத்தால் வாட் கிடைக்கும். 2:00 ஸ்பிளிட்டுக்கு 202.5 வாட், 1:55க்கு 230 வாட். ஐந்து வினாடிக்காகப் பதின்மூன்று விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் ஆற்றல். இதை உங்கள் நேரங்களில் போட்டுப் பாருங்கள். 500 மீட்டரை 1:48இலிருந்து 1:47 ஆக்க ஏறக்குறைய 8 வாட் தேவை. அதே 8 வாட் 5000 மீட்டரில் கூடினால் 20 வினாடிக்கு மேல் குறையும். தாங்குதிறன் பின்தங்கிய உடலில் அந்த 8 வாட் ஏழு வாரத்தில் கிடைக்கக்கூடியது. ஏற்கெனவே முன்னால் இருக்கும் 500 மீட்டரில் இன்னொரு வினாடி கிடைக்குமா என்பது சந்தேகமே. அதை இந்தச் சீசனுக்கு அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன்.

ஆகவே வரிசை இது: மூன்றாம் வாரக் கடைசியில் முப்பது நிமிடம், ஐந்தாம் வாரக் கடைசியில் 5000, ஏழாம் வாரத்தில் 2000. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முழு வாரமாவது சோதனையற்ற பயிற்சி இருக்கட்டும்.

அந்த வாரங்களில் என்ன செய்வது? ஐந்து நாளில் மூன்று நாள் மெதுவாக, நீண்ட நேரம்: 40 முதல் 60 நிமிடம், நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்பு, முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு. உங்களுக்கு அது 2:20 முதல் 2:28 வரை எங்காவது வரும். கால் வலு உள்ளவர்களுக்கு இந்த நாள்கள்தான் கடினம். இன்று நன்றாக இருக்கிறதே என்று 2:14க்கு இழுத்துவிடுவார்கள். மறுநாள் கடும்பயிற்சியில் சக்தி இருக்காது. அந்த இச்சையை அடக்குங்கள். இந்த ஏழு வாரத்தில் நீங்கள் செய்யும் மிகப் பெரிய மாற்றம் இதுவாகத்தான் இருக்கும்.

மீதி இரண்டு நாளில் ஒன்று இடைவெளிப் பயிற்சி: ஒரு வாரம் எட்டு முறை 500 மீட்டர், இடையே மூன்றரை நிமிட ஓய்வு, அடுத்த வாரம் நான்கு முறை 1000 மீட்டர், இடையே ஐந்து நிமிட ஓய்வு. முதல் வாரம் 500களை 2:00க்கு இழுங்கள். கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். கடைசியில் மட்டும் மிச்சமிருப்பதைக் கொட்டலாம். அந்த நாளின் சராசரியே அடுத்த முறைக்கான தொடக்க வேகம். மற்றொரு நாள் 20 முதல் 30 நிமிடம், கடினம் ஆனால் கட்டுக்குள் என்ற அளவில், 2:15 அருகே தொடங்கி வாரந்தோறும் அரை வினாடி குறைத்துக்கொண்டே வாருங்கள். சோதனை வரும் வாரங்களில் இந்த நாளின் இடத்தில் சோதனை. அதற்கு முந்தைய இரண்டு நாளும் இலகுவானவை.

டேம்பர் பற்றி. 10இல் வைத்தால் மீட்டர் அதிகம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிக் கிடைக்காது. ஒவ்வோர் இழுப்புக்கும் பின் காற்றுச் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை மானிட்டர் அளந்து, அன்றைய தடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வாட்டைக் காட்டுகிறது. டேம்பர் கூட்டுவது எண்ணை அல்ல, இழுப்பின் கனத்தை. கனமான, மெதுவான இழுப்பில் தொடையும் முதுகும் மூச்சுக்கு முன்பே களைத்துவிடும்; நீண்ட தூரங்களில் நீங்கள் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டேம்பர் எண்ணை மறந்துவிட்டு டிராக் ஃபேக்டரை, அதாவது சக்கரத்துக்குக் காற்று தரும் தடையை மானிட்டர் அளந்து காட்டும் எண்ணை, பாருங்கள். மானிட்டர் பட்டியலில் கூடுதல் தேர்வுகளுக்குள் சென்றால் அது இருக்கும். சில முறை இழுத்ததும் எண் தோன்றும். 115 முதல் 125 வரை உங்களுக்கு ஏற்றது என்பது என் கணிப்பு. சக்கரக் கூண்டில் தூசி அடைந்த இயந்திரத்தில் டேம்பர் 5 என்பது சுத்தமான இயந்திரத்தின் 3 போலிருக்கும். வேறோர் இயந்திரத்தில் சோதனை செய்ய நேர்ந்தால் டேம்பரை அல்ல, இந்த எண்ணைத்தான் சமமாக வைக்க வேண்டும். மாற்றத்தை இந்த வாரமே செய்யுங்கள். முதல் சில நாள் கைப்பிடி வெறுமையாக ஓடுவது போல் தோன்றும். கால்களை விரைவாகத் தள்ளப் பழகியதும் சரியாகிவிடும். சோதனை நாளன்று டேம்பரில் கை வைக்கவே கூடாது.

நிமிடத்துக்கான இழுப்பு எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது நிமிடத்துக்கு 22 முதல் 24, 5000க்கு 24 முதல் 26, 2000க்கு 27 முதல் 30. 2:00 ஸ்பிளிட்டில் நிமிடத்துக்கு 250 மீட்டர் நகர்கிறீர்கள். 25 இழுப்பில் அது இழுப்புக்கு 10 மீட்டர். எண்ணிக்கை ஏறியும் ஸ்பிளிட் இறங்கவில்லை என்றால் இழுப்பின் நீளம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்போது இன்னும் வேகமாக ஆட வேண்டாம். முன்னால் முழுமையாகச் சென்று, கால்களால் தள்ளி, பிறகு முதுகு, கடைசியில் கை என்ற வரிசைக்குத் திரும்புங்கள்.

அடுத்தது உங்கள் 8:04.6இன் கால்பகுதிகள். முதல் 500ஐ 230 வாட்டில் இழுத்திருக்கிறீர்கள். மூன்றாவதில் 181 வாட்டுக்கு விழுந்துவிட்டீர்கள். வெறும் கணக்காகப் பார்த்தால் இந்தச் சீரற்ற வேகத்தின் இழப்பு பெரிதல்ல. அன்று செலவழித்த அதே உழைப்பைச் சமமாகப் பரப்பியிருந்தாலும் ஒரு வினாடிக்கும் குறைவாகத்தான் மிச்சமாகியிருக்கும். உண்மையான இழப்பு உடலில் நிகழ்கிறது. தொடக்கப் பத்து வினாடிக்குத் தேவையான ஆற்றல் தசைக்குள்ளேயே சேமிப்பாக இருக்கிறது; அந்தச் சில இழுப்புகளை வேகமாக இழுக்கலாம், பெரிய தண்டனை இல்லை. அதற்குப் பிறகும் 1:55இல் தொடர்ந்தால், மூச்சு தர முடிகிற ஆற்றலை மீறி ஒன்றேமுக்கால் நிமிடம் உழைக்கிறீர்கள். அதன் விளைவாகத் தசைக்குள் அமிலத்தன்மை ஏறி, சுருங்கும் திறனே குறைகிறது. மூன்றாவது 500இல் நீங்கள் மனம் தளர்ந்ததாக நினைத்திருப்பீர்கள். மனத்தின் மீது பழி போடாதீர்கள். அந்த வீழ்ச்சி முதல் இரண்டு நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது.

8:00.0க்கான திட்டம்: ஐந்தாறு இழுப்பு விறுவிறுப்பாக, பத்தாவது இழுப்புக்குள் வேகத்தைக் குறைத்து, முதல் 500 2:01, இரண்டாவது 2:00.5, மூன்றாவது 2:00, கடைசி 1:58.5. முதல் 500 உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், ஏனெனில் பழகியதைவிட ஆறு வினாடி மெதுவாகப் போகிறீர்கள். 1:57 திரையில் தெரிந்தால் உடனே தணியுங்கள். மூன்றாவது 500இல் ஸ்பிளிட் எண்ணைப் பார்ப்பதை விட்டு, பத்துப் பத்து இழுப்பாக எண்ணுங்கள். மிச்சத் தூரம் 500 என்று காட்டும்போது தலையை நிமிர்த்துங்கள். 8:04.6க்கும் 8:00க்கும் உள்ள வேறுபாடு ஆறு வாட்டுக்கும் குறைவு. உங்களால் இது முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முப்பது நிமிடச் சோதனைக்கு 6850 மீட்டரைக் குறிவையுங்கள், சராசரி 2:11.4. முதல் பத்து நிமிடம் 2:12, அடுத்த பத்து 2:11.5, கடைசிப் பத்தில் முடிந்ததை எடுங்கள். 5000க்கு 21:25, அதாவது 2:08.5, அதற்கும் இதே ஒழுங்கு. இந்த இரண்டு நீண்ட சோதனைகளிலும் ஒரு மின்விசிறி நேராக உங்கள் முகத்துக்கு வீசட்டும். உடல் சூடேறினால் அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தைப் பயிற்சிக் குறைவு என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் நிறைய.

சோதனைக்கு முன் பதினைந்து இருபது நிமிடம் உடலைச் சூடாக்க வேண்டும். இலகுவாகத் தொடங்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் இலக்கு வேகத்தில் பத்து இழுப்பாக மூன்று நான்கு முறை. பிறகு சில நிமிடம் ஓய்ந்து தொடங்குங்கள். சூடேறாத உடலில் மூச்சு வேகம் பிடிக்கவே நேரமாகும். 2000இன் முதல் கால்பகுதி அதிலேயே வீணாகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர் நீங்கள். இதயப் பரிசோதனை செய்து நாளாகிவிட்டது என்றால் முதல் சோதனைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மார்பில் அழுத்தம், தலைச்சுற்றல், தாறுமாறான துடிப்பு வந்தால் கைப்பிடியை விட்டு எழுந்துவிட வேண்டும். காய்ச்சல் இருக்கும்போதோ விட்ட மறுநாளோ சோதனை கூடாது. கீழ்முதுகில் வலி தோன்றினால் அந்த வாரம் மெதுவான நாள்கள் மட்டும். சீசன் நேரம் அடுத்த மே 1ஆம் தேதி புதிதாகத் தொடங்கிவிடும். முதுகு அவ்வளவு விரைவில் திரும்பாது.

சோதனையின்போது மானிட்டரில் தூரத்தையோ நேரத்தையோ முன்கூட்டியே குறித்து வையுங்கள். சும்மா இழுத்துக்கொண்டே போய் 5000 தாண்டும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டால் உங்களுக்குத் தெரியும், கான்செப்ட்2இன் இணையப் பதிவேடு ஏற்காது. கான்செப்ட்2இன் எர்க்டேட்டா கைபேசிச் செயலியை இணைத்துவிட்டால் முடிந்ததும் அந்தப் பதிவேட்டில் தானாகவே ஏறிவிடும்.

சோதனை நடுவில் குலைந்தால்? 2000இல் 800 மீட்டரிலேயே இலக்கைவிட மூன்று வினாடி பின்தங்கினால் நிறுத்திவிடுங்கள்; பத்து நிமிடம் இலகுவாக இழுத்துவிட்டு எழுந்து, நான்கு நாள் கழித்து மறுபடி முயலுங்கள். இறுதிவரை போராடி 8:10 எடுப்பதால் பதிவேட்டில் எதுவும் மாறாது, உடல்தான் ஒரு வாரம் பின்னுக்குப் போகும். ஆனால் முப்பது நிமிடமும் 5000மும் அப்படியல்ல. குலைந்தாலும் வேகத்தை இரண்டு மூன்று வினாடி தணித்து முடித்துவிடுங்கள், அது நல்ல பயிற்சியாகவாவது அமையும். இதற்காகவே 2000ஐ ஏப்ரல் 30க்கு வைக்காமல் 25ஆம் தேதி வாக்கில் வையுங்கள். அன்றே 8:00 வந்துவிட்டால் மிச்ச நாளில் ஒருமுறை 1000 மீட்டர் இழுத்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் அந்தத் தூரமே இல்லை, 3:50 அருகே வர வேண்டும்.