தனுஷ்கோடிப் படங்களில் துக்கம் தெரியவில்லை என்றவருக்கு

வணக்கம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் முன் கண்கலங்கி நின்றதாகவும், எடுத்த படங்களில் அது துளியும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கேமராவைக் குறை சொல்லாதீர்கள். எடுத்தவர் எங்கே நின்றார், எதை விட்டுவிட்டார் என்பதில்தான் அவர் மனம் தெரியும். உங்கள் படங்கள் எல்லாமே உச்சி வெயிலில், முழுக் கட்டடமும் அடங்கும் தூரத்தில் எடுத்தவை. வந்துபோனதற்குச் சாட்சி, அவ்வளவுதான். உங்களைக் கலங்க வைத்தது எது? அரித்துப்போன பவளக்கல் சுவர் என்றால் அதன் அருகே போங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கல்லின் ஒவ்வொரு துளையும் நிழலோடு எழுந்து நிற்கும். படத்தில் வானம் வராமல் துணிந்து வெட்டிவிடுங்கள்.

சங்கு மாலை விற்கும் அம்மாவின் படம்தான் எனக்கு வருத்தம் தந்தது. தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் 200 மி.மீ. லென்ஸில், தொலைவிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கூச்சம் அதில் ஒளிந்து பார்ப்பதாகத் தெரிகிறது. அடுத்த முறை முதலில் பேசுங்கள், சம்மதம் கேளுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் மணலிலேயே உட்கார்ந்து, அருகில் போனால்தான் முகம் பெரிதாகத் தெரியும் 35 மி.மீ. லென்ஸில், அவர் கண் மட்டத்தில் எடுங்கள். அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே படத்தில் வந்துவிடும். எடுத்ததும் இங்கே போடுங்கள், ஆவலோடு காத்திருக்கிறேன்.