தம்பிக்குப் போதைப் பழக்கமா? எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. ஆறேழு மாதமாக ஆளே மாறிவிட்டான். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. பழைய நண்பர்கள் யாரும் வருவதில்லை. பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எதற்கு என்று கேட்டால் கத்துகிறான். போதைப் பழக்கமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் அறையைச் சோதித்துப் பார்க்கலாமா? எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிப்பது? இந்தக் கவலையில் என் தூக்கமும் போய்விட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில்தான் ஓடுகிறது. முன்பு ஒன்று போட்டேன், இப்போது இரண்டு.

பதில்: தம்பியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் தம்பி.

நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் போதையால் வரக்கூடியவைதான். ஆனால் தூக்கம் மாறுவது, ஒதுங்கிப் போவது, எரிந்து விழுவது ஆகியவை மனச்சோர்விலும் அப்படியே வரும். மனச்சிதைவு போன்ற நோய்கள் முதன்முதலில் தலைகாட்டும் வயதும் இதுதான். ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை விட்டவர்களும் இப்படித்தான் பணம் கேட்பார்கள், இப்படித்தான் கத்துவார்கள். மனச்சோர்வைத் தாங்க முடியாமல் போதைக்குப் போனவர்களும் நிறையப் பேர் உண்டு. அதனால் ‘போதைதான்’ என்று முடிவு கட்டிவிட்டு ஆதாரம் தேடாதீர்கள். ‘இவனுக்கு என்னவோ ஆகியிருக்கிறது’ என்ற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

உடம்பில் தெரிகிற அடையாளங்கள் பொருளுக்குப் பொருள் மாறும். ஹெராயின், போதை தரும் வலி மாத்திரைகள் என்றால் கண்ணின் கருமணி நடுவே உள்ள பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிவிடும்; மங்கிய வெளிச்சத்திலும் விரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். கோகெயின், மெத் போன்ற ஊக்கப் பொருள்களில் நேர்மாறு: பாவை விரிந்திருக்கும், இரண்டு மூன்று நாள் தூங்காமல் சாப்பிடாமல் படபடவென்று இருப்பார்கள், பிறகு அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார்கள். கஞ்சாவில் கண் சிவக்கும், பசி எடுக்கும், பேச்சு மந்தமாகும். தின்னர், பசை போன்றவற்றை முகர்கிறவர்களின் துணியில் ரசாயன வாடை இருக்கும். மூக்கையும் வாயையும் சுற்றிப் புண் வரலாம். இதில் எதுவும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. தூக்கம் கெட்டாலே கண் சிவக்கும்தானே?

நான் அதிகம் நம்புவது வேறு ஒன்றை: பொருள் கிடைக்காத நேரத்தில் என்ன ஆகிறது என்பதை. ஹெராயின் வகைக்குப் பழகிய உடம்புக்கு அது கிடைக்காவிட்டால் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், ஓயாமல் கொட்டாவி, மயிர்க்கூச்சு, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு. பார்க்கிறவர்களுக்கு இது வெறும் ஜலதோஷம். அந்த ‘ஜலதோஷம்’ அடிக்கடி வந்து, ஒருமுறை வெளியே போய்விட்டு வந்ததும் காணாமல் போகிறதென்றால் அதைக் குறித்து வையுங்கள். குடியில் அது காலை நேரக் கைநடுக்கமாகவும் வியர்வையாகவும் தெரியும். கொஞ்சம் உள்ளே போனதும் கை நின்றுவிடும். என்றைக்கு, எந்த நேரம், எதற்குப் பிறகு என்று இரண்டு வாரம் எழுதி வைத்துப் பார்த்தால், அறையைக் கலைத்துத் தேடுவதைவிட அது அதிகம் சொல்லும். மருத்துவருக்கும் அந்தக் குறிப்பு உதவும்.

எவ்வளவு எடுக்கிறார் என்பதை வைத்து எடை போடுவது பலர் செய்கிற தவறு. ‘வாரத்தில் இரண்டு நாள்தானே’, ‘வேலைக்குப் போகிறாரே’ என்பார்கள். நாங்கள் பார்ப்பது கட்டுப்பாட்டை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு 11 அடையாளங்களைச் சொல்கிறது. 12 மாதத்துக்குள் இரண்டு சேர்ந்து இருந்து வாழ்க்கையைப் பாதித்தாலே அதைக் கோளாறாகக் கணக்கில் எடுக்கிறார்கள், ஆறோ அதற்கு மேலோ போனால் கடுமையானது. அவற்றில் பெரும்பாலானவை கண்ணையோ ரத்தத்தையோ பற்றியவை அல்ல. நினைத்ததைவிட அதிகம் எடுப்பது, குறைக்கப் பார்த்து முடியாமல் போவது, அதைத் தேடுவதிலும் தெளிவதிலும் நாள் கழிவது, தணியாத ஏக்கம், வேலையையும் உறவையும் கெடுக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது, பிடித்த மற்ற விஷயங்கள் ஒவ்வொன்றாக உதிர்வது. உங்கள் தம்பி விஷயத்தில் பழைய நண்பர்கள் வருவதில்லை என்ற வரிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

தன்னைத் தானே சோதித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, ஜான் யூயிங் என்ற மருத்துவர் குடிக்காக வகுத்து 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? மற்றவர்கள் குறை சொன்னபோது எரிச்சல் வந்ததா? குற்ற உணர்வு வந்ததா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தணியவோ தலைபாரம் தீரவோ குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் ஒரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இது நோயைத் தீர்மானிக்கிற சோதனை இல்லை, கதவைத் தட்டச் சொல்கிற குறிப்பு.

சரி, அறையைச் சோதிக்கலாமா? அவன் உயிருக்கு ஆபத்து என்று நினைக்க நியாயம் இருந்தால் தயங்காதீர்கள். மற்றபடி வேண்டாம் என்பேன். ஏதாவது கிடைத்தால் அது சண்டையில்தான் முடியும். கிடைக்காவிட்டால் உங்கள் சந்தேகம் தீரப்போவதில்லை. அதற்குள் அவன் உங்களை நம்புவதை நிறுத்தியிருப்பான். இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த நம்பிக்கைதான்.

பேசுங்கள். அவன் தெளிவாக இருக்கிற நேரமாக, மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள். ‘நீ போதை எடுக்கிறாயா?’ என்று தொடங்கினால் ‘இல்லை’ என்ற ஒரே பதில்தான் வரும். பார்த்ததைச் சொல்லுங்கள்: ‘ஆறேழு மாசமா நீ ராத்திரி தூங்குறதே இல்ல, சாப்பாடும் குறைஞ்சுடுச்சு, எனக்குப் பயமா இருக்குடா.’ சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முதல் தடவை கத்திவிட்டுப் போகலாம், பரவாயில்லை. நாலு நாள் கழித்து அதே குரலில் இன்னொரு தடவை. பணம் கையில் தராதீர்கள்; சாப்பாடு, மருந்து, மருத்துவமனைக்குக் கூடவே வருவது எல்லாம் உண்டு என்று சொல்லுங்கள். அவன் தெளிவாக இருக்கும் நாளில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், சிரித்துப் பேசுங்கள். போதையில் இருக்கும்போது சண்டை போடாமல் விலகிவிடுங்கள். ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பத்தினருக்காக உருவாக்கிய பயிற்சியின் சாரம் ஏறக்குறைய இதுதான். சிகிச்சைக்கு மறுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இந்த வழியில் சிகிச்சைக்கு வந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரண்டு விஷயங்களை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒன்று, குடியை நிறுத்துகிற மாத்திரை என்று எதையாவது அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது. அப்படித் தரப்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உள்ள உடம்பில் மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சம்மதமில்லாமல் அதைத் தரவே கூடாது. இன்னொன்று, அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைப்பது. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் வரலாம். அது மருத்துவ அவசரநிலை. ஹெராயின் வகையில் ஆபத்து வேறு மாதிரி: சில வாரம் விட்டிருந்து பழைய அளவையே மறுபடி எடுப்பதில்தான் பலர் இறக்கிறார்கள், உடம்பு அதற்குள் அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். எப்போதாவது எழுப்ப முடியாமல் கிடந்தால், மூச்சு மெதுவாகவோ குறட்டைபோல அடைத்தோ வந்தால், உதடு நீலமாக இருந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். மூச்சே நின்றிருந்தால், ஆம்புலன்ஸ் தொலைபேசியில் சொல்லும் முதலுதவியை அப்படியே செய்யுங்கள். நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் ஹெராயின் வகையில் நின்றுபோகிற மூச்சை மீட்டுவிடும்.

இனி உங்கள் மாத்திரை. அல்பிரசோலம், குளோனசிபாம், சோல்பிடம் போன்றவற்றுக்கு உடம்பு சில வாரங்களிலேயே பழகிவிடும். எழுதிக்கொடுத்த அளவில் எடுத்தும் உடம்பு பழகிவிட்டது என்றால் அதை யாரும் போதைப் பழக்கம் என்று சொல்வதில்லை. ஆனால் ஒன்று போதாமல் இரண்டு என்பது உங்கள் டாக்டருக்குத் தெரியுமா? தெரியாதென்றால், அடுத்த அட்டை முன்கூட்டியே வாங்கப்படுகிறதென்றால், ஒரு ராத்திரி மாத்திரை இல்லை என்றாலே பதற்றம் வருகிறதென்றால், தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தத் தொடங்கியிருக்கிறது. இதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்கே நிறுத்தியும் விடாதீர்கள், இதிலும் திடீர் நிறுத்தம் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். அளவைச் சிறிது சிறிதாக, பல வாரங்களில், சில சமயம் மாதங்களில் டாக்டர் குறைப்பார். கூடவே தூக்கத்துக்கான உளவியல் சிகிச்சையும் உண்டு. அதுவரை மதுவோடும் ஓபியம் வகை வலி மாத்திரைகளோடும் இதைச் சேர்க்கவே வேண்டாம், மூச்சு அடங்கிவிடும். மாத்திரைகளைத் தம்பி கையில் கிடைக்காத இடத்தில் பூட்டி வையுங்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, இப்போது எத்தனை போடுகிறீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். தம்பியைப் பற்றி எழுதி வைத்த குறிப்பையும் அதே சந்திப்பில் கொடுக்கலாம். அவன் வர மறுத்தாலும், வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று உங்களுக்கு வழி சொல்ல அவரால் முடியும்.