தெருவிளக்கும் சாமந்தியும்: மார்கழித் தோட்டக் கேள்வி-பதில்

இந்த மார்கழியில் சேலத்தில் ஸ்வெட்டருக்கு வேலையே இல்லை. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வந்திருக்கும் கேள்விகளில் பாதி, "குளிரே இல்லையே சார், அதனால்தான் பூக்கவில்லையா?" என்றுதான் முடிகின்றன. சில செடிகளுக்கு அது உண்மை. பல செடிகளுக்குக் குளிர்மேல் வீண்பழி.

மொட்டை மாடியில் ஒரே நாளில் வாங்கி வைத்த ஆறு சாமந்தித் தொட்டிகள். நான்கில் பூ குலுங்குகிறது. தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரோரம் இருக்கும் இரண்டில் வெறும் இலைதான். குளிர் போதவில்லையா?
– வாசகி, அம்மாபேட்டை

குளிர் போதவில்லை என்றால் ஆறுமே அல்லவா பூக்காமல் இருக்க வேண்டும்? "தெருப்பக்கம்" என்று எழுதினீர்களே, பதில் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சுவருக்கு நேரே ஒரு தெருவிளக்கு இருக்கிறதா, பாருங்கள்.

சாமந்திக்கு முக்கியம் இருட்டு. ஜூன் மாதத்தில் நம் ஊரில் பகல் சுமார் 12¾ மணி நேரம். மார்கழித் தொடக்கத்தில் அது 11½ மணிக்கும் சற்றுக் குறைவு. நமக்கு இந்த வித்தியாசம் உறைக்காது. செடிக்கு உறைக்கும். இரவு நீள்வதை இலை கணக்கு வைத்துத்தான் நுனி மொட்டு விடுகிறது. விடிய விடிய விளக்கு எரிந்தால் செடிக்கு இன்னும் ஆனி மாதம்தான். 1920-இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதிய விஷயம் இது. பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் நடுராத்திரியில் விளக்குப் போடுவதும் இதனால்தான்.

எனக்கும் இந்தப் பாடம் ஓசியில் கிடைக்கவில்லை. பையன் இரவு வேலை முடிந்து வருவானே என்று ஒரு வருஷம் கேட் விளக்கை அணைக்காமல் விட்டோம். கேட்டோரத் தொட்டிக்கு உரத்தை மாற்றினேன், மண்ணை மாற்றினேன், கடைசியில் நர்சரிக்காரரோடு சண்டையும் போட்டேன். பொங்கல் வரை ஒரு மொட்டு இல்லை.

இரண்டு தொட்டிகளையும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம், விளக்கு படாத இடத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்த முடியாத கனம் என்றால் மாலை ஆறிலிருந்து காலை ஏழு வரை அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள், மூன்று நான்கு வாரம் ஒரு நாள்கூட விடாமல். அதன் பிறகும் பூ விரிய சில வாரம் ஆகும். பொங்கலுக்குக் கிடைக்காது, மாசியில் பார்க்கலாம்.

ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை கார்த்திகை வரை கொடியாகவே ஓடி, இப்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. விதை சரியில்லையா?
– குரங்குச்சாவடி

விதை அருமையான விதை. நாட்டு அவரையும் சாமந்திக் கட்சிதான். வருஷம் முழுக்கக் காய் வேண்டுமென்றால் குத்துச்செடி அவரை போடுங்கள். ருசியில் அது பந்தல் அவரைக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

பூ மார்க்கெட்டில் குண்டுமல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டுச் செடியில் ஒரு முழத்துக்காவது பூ வரவழைக்க வழி உண்டா?
– கன்னங்குறிச்சி

இப்போது வழியில்லை, அதனால்தானே அந்த விலை. மல்லி வெயில் பூ. இந்த மாதம் அதற்குக் கத்தரிக்கோல் வேலைதான். நவம்பர் கடைசியிலேயே கவாத்து செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டுங்கள். காய்ந்த குச்சி, நோய்பட்ட குச்சியை அடியோடு எடுத்துவிடுங்கள். செடிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால் பங்குனியில் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பீர்கள். ஜாதிமல்லிக்குக் கவாத்து டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். மூன்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம்.

டிசம்பர் பூ மணக்க என்ன உரம் போடலாம்?
– தாரமங்கலம்

எதுவும் போட வேண்டாம், அதற்கு மணமே கிடையாது. ஊதாவுக்கு நடுவே இரண்டு ஜாதிமல்லி வைத்துக் கட்டுங்கள்.

வாசல் கோலத்துக்கு மகள் தினமும் பூசணிப்பூ பறிக்கிறாள். காயே பிடிக்காது என்று மாமியார் திட்டுகிறார். யார் பக்கம் நியாயம்?
– ஓமலூர்

குடும்ப வழக்கில் என்னை இழுக்கிறீர்கள்! மகள் எந்தப் பூவைப் பறிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. பூவைத் திருப்பிக் காம்பைப் பாருங்கள். நீளமாக, மெலிந்த காம்போடு நிமிர்ந்து நிற்பது ஆண் பூ. காம்பு குட்டையாகி, இதழுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு குட்டிப் பூசணி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. கொடியில் ஆண் பூதான் அதிகம். அதைச் சாணி உருண்டையில் செருகுங்கள், இரண்டு மூன்றைத் தேனீக்கு விட்டுவைத்து.

பெண் பூ விரிந்தும் பிஞ்சு மஞ்சளாகிக் கொட்டினால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் மாவு பூசியது போலிருக்கும் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். பத்து மணிக்கு மேல் பூ வாடிவிடும்.

ஏற்காட்டில் வாங்கிய சிவப்புப் பாயின்செட்டியா, மலை இறங்கியதும் இலை உதிர்க்கிறது.
– சூரமங்கலம்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே வெப்பம் ஏழெட்டு டிகிரி கூடுதல். கொஞ்சம் உதிர்க்கத்தான் செய்யும். பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றினால் வேர் அழுகி முழுதும் போகும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். அந்தச் சிவப்பு பூவும் அல்ல, நிறம் மாறிய இலை. நடுவில் மணி மணியாக மஞ்சளாக இருப்பதுதான் பூ. மாசிக்கு மேல் வெட்டிவிடுங்கள், பால் கண்ணில் படாமல். ஐப்பசியிலிருந்து இதற்கும் விளக்கு ஆகாது.

மாமரம் பூ எடுக்க வேண்டிய நேரத்தில் தாமிர நிறத்தில் துளிர் விடுகிறதே?
– அயோத்தியாபட்டணம்

இந்த ஒரு புகாரில் குளிர்மேல் பழி போடலாம். மா பூக்க இரவு சில்லென்று இருக்க வேண்டும், மண்ணும் காய வேண்டும். குளிர் நம் கையில் இல்லை, தண்ணீர் இருக்கிறது. துணி துவைத்த தண்ணீர் மரத்தடிக்கு ஓடுகிறதா பாருங்கள், ஓடினால் திருப்பிவிடுங்கள். பட்டாணி அளவு பிஞ்சு பிடித்த பிறகு பாய்ச்சினால் போதும். துளிர்த்த கிளையில் இந்த வருஷம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். துளிர்க்காத கிளைகளுக்குத் தை முழுக்க நேரம் இருக்கிறது.

பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூளைப்பூவைக் காசு கொடுத்து வாங்குகிறோம். தொட்டியில் வளர்க்கலாமா?
– அஸ்தம்பட்டி

தொட்டியா! உங்கள் வீட்டுக் காம்பவுண்டு ஓரத்திலேயே முளைத்திருக்கும். வெள்ளைப் பஞ்சை உருட்டி ஒட்டியது போலச் சின்னக் கதிர்கள், ஓரிரண்டு அடி உயரச் செடியில். போகி வரை களைக்கொத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.