மகள் விமானி ஆக ஆசைப்படுகிறாள்: முதலில் எதற்குப் பணம் கட்டுவது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம், இயற்பியல் இரண்டிலும் நல்ல மதிப்பெண். விமானி ஆகத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். அவள் அப்பாவுக்கு அரை மனசு. மாமியாரோ, "அது ஆம்பளைங்க வேலை. நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு ஆனா என்ன பண்ணுவா?" என்கிறார். ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் பிடித்து வைக்க 5 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். அவள் உயரம் 5 அடி 2 அங்குலம், கண்ணாடி போடுகிறாள். காலி மனை ஒன்று இருக்கிறது. விற்றுக் கட்டலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மனையை இப்போது விற்காதீர்கள். அந்த 5 லட்சத்தையும் கட்டாதீர்கள். "மாதக் கடைசிக்குள்" என்று அவசரப்படுத்தும் பள்ளி, அடுத்த மாதமும் அதே இடத்தை வேறு ஒருவருக்கு அதே அவசரத்தோடு விற்கும். நானும் ஒரு பெண் விமானிதான்; உங்கள் மகளின் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் பள்ளி, அப்புறம்தான் பணம்.

விமானி உரிமம் வாங்கும் வயதில் எத்தனையோ பிள்ளைகள் பாதிக் கட்டணம் கட்டிய பிறகு மருத்துவத்தில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, அங்கீகரித்த மருத்துவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் 'கிளாஸ் 2' பரிசோதனை. அதில் தேறிய பிறகு 'கிளாஸ் 1'. வணிக விமானி உரிமத்துக்கு இந்த 'கிளாஸ் 1' சான்று கட்டாயம். இதயம், காது, ரத்தம், வயிற்று ஸ்கேன், நிறப் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். இரண்டு சான்றும் கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை போகக் கூடாது.

கண்ணாடி போடுவது தடை இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். அதைப் பக்கத்து ஊர்க் கண் மருத்துவரிடம் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெண் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்க்கும் தடங்கல் வேறு: ரத்தசோகை. எனக்கே முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று நிறுத்தி வைத்தார்கள். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை, அம்மா கையால் தினமும் முருங்கைக்கீரை, அதன் பிறகு மறுபடி போய்த் தேறினேன். மகளுக்கு இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். குறைவாக இருந்தால் தேதி வாங்கும் முன்பே சரிசெய்துகொள்ளலாம்.

உயரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சில பள்ளிகள் தங்களுக்கென்று குறைந்தபட்ச உயரம் வைத்திருக்கின்றன. உங்கள் மகள் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர் வருகிறாள். ஒரு சென்டிமீட்டரில் விண்ணப்பம் தள்ளுபடி ஆகக்கூடிய இடம் அது. சுவரில் நிற்க வைத்துச் சரியாக அளந்து, பள்ளியின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் விமானம் ஓட்ட இந்த உயரம் போதுமா என்றால், போதும். ஏர்பஸ் ஏ320-ன் முன்கண்ணாடிக்கு நடுவே இருக்கும் தூணில் சின்னச் சின்னப் பந்துகள் பொருத்தியிருப்பார்கள், சிவப்பும் வெள்ளையுமாக. இருக்கையை ஏற்றி இறக்கி, முன்னே பின்னே நகர்த்தி, சிவப்புப் பந்து வெள்ளைப் பந்தை மறைக்கும் நிலைக்கு வந்தால் கண் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். ஆறடி ஆளும் அதே பந்தைத்தான் பார்த்து உட்கார வேண்டும், நானும் அதையேதான். பயிற்சி விமானமான செஸ்னாவில் இந்த வசதி கிடையாது. அங்கே குட்டையான பிள்ளைகள் அடியில் ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று மெத்தை வைத்துக்கொள்வார்கள். என் மெத்தையை நான்கு வருடம் பையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

"பலம் வேண்டாமா?" என்றும் உங்கள் வீட்டில் கேட்பார்கள். பெரிய விமானத்தின் கட்டுப்பாடுகளை ஹைட்ராலிக்ஸ், அதாவது திரவ அழுத்தம், இயக்குகிறது. ஏர்பஸ்ஸில் கைப்பிடி கணினி விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் அளவுதான். காலுக்கு வேலை வரும் ஒரு நேரம் உண்டு: இரட்டை எஞ்சின் பயிற்சி விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால், விமானம் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அப்போது வால் சுக்கானைத் திருப்பும் ரடர் பெடலை ஊன்றி மிதித்துப் பிடித்து, பிறகு காலின் பாரத்தைக் குறைக்கும் 'டிரிம்' அமைப்பை வைத்து அந்தப் பாரத்தை இறக்க வேண்டும். தினமும் சைக்கிள் மிதிக்கும் பெண்ணால் செய்ய முடியாத காரியம் இல்லை.

சரி, படிப்பு. வணிக விமானி உரிமத்துக்கு வயது 18, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும். உங்கள் மகளிடம் இரண்டும் இருக்கிறது. (வணிகவியல் படித்த பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இந்த இரண்டு பாடங்களை எழுதிக்கொள்கிறார்கள்.) வானிலை, வான்வழிச் செலுத்துதல், விமான விதிகள், தொழில்நுட்பம் என்று தேர்வுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோ உரிமம் தனி. இவற்றை ஊரில் இருந்தபடியே படித்து, பறக்கப் போகும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பள்ளியில் சேர்ந்த பிறகு தேர்வுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் விடுதிச் செலவு.

பறக்க வேண்டியது 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் அவளே கேப்டனாகப் பறக்க வேண்டும். முதல் தனிப்பறப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன், உங்களுக்கும் பயம் குறையும். பயிற்றுநர் இறங்குவதற்கு முன் தன் இருக்கை பெல்ட்டைக் காலி இருக்கையின் மேல் பூட்டிவிட்டுப் போவார், அது நழுவிக் கட்டுப்பாட்டில் சிக்கக் கூடாது என்பதற்காக. ஓர் ஆள் எடை குறைந்ததால் செஸ்னா 152 வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழும்பும். அந்தத் துள்ளலில்தான் என் பக்கத்தில் யாரும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஓடுதளத்தை ஒட்டி ஒரு சுற்று, ஒரு தரையிறக்கம், அவ்வளவுதான். அதற்கு முன் அதே சுற்றை எத்தனையோ முறை பயிற்றுநரோடு பறந்திருப்பாள். தயாராகாத பிள்ளையை யாரும் தனியாக அனுப்ப மாட்டார்கள்.

இப்போது பள்ளி. கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு வேலை நாளில், சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை விமானம் இன்று பறக்கிறது, எத்தனை பழுதாகி நிற்கிறது என்று எண்ணுங்கள். போன வருடம் சேர்ந்த மாணவர்களைத் தனியே பிடித்து, "மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?" என்று கேளுங்கள். ஒரு வருடத்தில் முடிய வேண்டியது இரண்டு, மூன்று வருடம் இழுப்பது இங்கேதான். 2025-ல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடத் தொடங்கியது; அதையும் பாருங்கள்.

அப்புறம், பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். சிரிக்க வேண்டாம். நான் பயிற்சி பெற்ற ஓர் ஓடுதளத்தில் பெண்களுக்கென்று ஒன்றும் இல்லை. நாங்கள் மூன்று பெண்கள் காலையில் தண்ணீரே குடிக்காமல் வருவோம். மே மாத வெயிலில், கண்ணாடி மூடிய அந்தச் சின்ன விமானி அறைக்குள், தலைவலியோடு தரையிறங்கக் கற்றுக்கொண்டோம். நீர்ச்சத்து குறைந்த விமானி சரியாக முடிவெடுக்க மாட்டார். ஆகவே இது கௌரவத்தைவிடப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, விடுதியில் வார்டன் யார், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பெயர்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றனவா? பதில் சொல்லத் தயங்கும் பள்ளியை விட்டுவிடுங்கள்.

பணத்தை வெளிப்படையாகப் பேசுவோம். இந்தியாவில் உரிமம் வாங்க 50 லட்சத்தை ஒட்டி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்தாலும் வேலை தயாராக நிற்காது. ஏ320 அல்லது ஏடிஆர் போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' தனி. அதற்கு மேலும் லட்சக்கணக்கில் போகும். உரிமம் கையில் இருந்தும் வேலைக்காக ஓரிரு வருடம் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கொடுக்கச் சொத்து ஈடு கேட்கும். அதனால்தான் மனையை விற்காதீர்கள் என்றேன். அது ஈடாக உதவும். கடன் தவணையை அவள் வேலை இல்லாத இரண்டு வருடத்திலும் உங்களால் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால், பயிற்சி தொடங்கும் முன்பே விமான நிறுவனத்தோடு இணைந்த கேடட் திட்டங்களுக்கு முயலட்டும். செலவு கூடும், ஆனால் வேலைக்கான பாதை ஓரளவு தெரியும். பள்ளிக்குக் கட்டும்போது மொத்தமாகக் கட்டாமல், பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டக் கேளுங்கள்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. அவர் கேட்டதில் பாதி தவறு, பாதி மிகச் சரி.

தவறு எது என்றால், "ஆம்பளைங்க வேலை" என்பது. 1936-ல் லாகூரில், 21 வயதில், சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மோத் விமானத்தைத் தனியே ஓட்டியவர் சரளா துக்ரால். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கிய கேப்டன் சுந்தரத்தின் மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். சென்னை மாகாண அரசு வாங்கிய டவ் விமானத்தை 1951-ல் கணவரும் மனைவியுமாக லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார்கள். 1966-ல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தை ஒட்டிப் பெங்களூருக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தின் காக்பிட்டில் இருந்த நால்வரும் பெண்கள். 2022-ல் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, பதிவு பெற்ற 17,726 விமானிகளில் 2,764 பேர் பெண்கள். உலக சராசரி 5 சதவீத அளவில்தான். நாம் 15-ஐத் தாண்டியிருக்கிறோம். இதை மாமியாரிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். சேலை கட்டிய சரளாவின் படத்தையும் காட்டுங்கள்.

சரியான பாதி, குழந்தை. இதில் நான் பூசி மெழுக மாட்டேன். கர்ப்பம் உறுதியானதும் பறப்பதை நிறுத்திவிட்டு மருத்துவப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் 12-ம் வாரம் முடிந்ததிலிருந்து 26-ம் வாரம் முடியும்வரை பறக்கலாம் என்பது சர்வதேச விதி; ஆனால் பல நிறுவனங்கள் முழுக்கவே தரையில் உட்கார வைத்துவிடுகின்றன. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. விமானியின் வருமானத்தில் ஒரு பகுதி பறக்கும் மணி நேரத்துக்கு என்பதால், விடுப்புக்கு முன்பு தரையில் இருக்கும் மாதங்களில் என்ன வரும் என்பதுதான் கேள்வி. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே மகள் இதைக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. பிறகு வருத்தப்பட்டேன்.

விடுப்பு முடிந்து திரும்பி வரும்போது மறுபடி மருத்துவச் சான்று, சிமுலேட்டர் (தரையிலேயே பறப்பதைப் போலப் பயிற்சி தரும் கருவி) சோதனை, கடைசி 90 நாளில் மூன்று புறப்பாடு, மூன்று தரையிறக்கம் என்ற கணக்கைச் சரிசெய்வது. பதினொரு மாதம் கழித்து நான் சிமுலேட்டரில் ஏறியபோது, முதல் புறப்பாட்டிலேயே எஞ்சினை நிறுத்தினார் சோதனையாளர். கால் தானாகப் பெடலுக்குப் போனது. வெளியே காரில் என் அம்மா குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அதிகாலை மூன்று மணிக்கு வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வரும் நாட்களில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு வீட்டில் ஒரு பதில் இருந்தால், இந்த வேலை ஓடும். வருகிற மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான். கட்டிக்கொள்வானா என்பதைவிட, அந்த மூன்று மணிக்கு எழுந்து குழந்தையைத் தூக்குவானா என்று கேளுங்கள்.

மகளின் அப்பாவுக்கு அரை மனசு என்றீர்கள். மருத்துவரிடம் அவரே கூட்டிக்கொண்டு போகட்டும். கிளாஸ் 1 சான்று வந்ததும், நீங்கள் பார்த்துவிட்டு வந்த பள்ளிகளின் விவரத்தோடு எழுதுங்கள். எதற்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.