மூத்தவள் சொல்லும் கணக்கு

கேள்வி: அக்கா, நான் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன், வீட்டுக்காரர் கொத்தனார். மூத்தவள் திருநெல்வேலியில் காலேஜ் இரண்டாம் வருடம், சின்னவன் பத்தாவது. மூத்தவள் கல்யாணத்துக்கென்று மாதம் 2,000 ரூபாய் நகைச்சீட்டு கட்டுகிறேன். அவளோ, "எனக்கு பவுன் வேண்டாம், பி.எட். படிக்கணும், சீட்டை நிறுத்திட்டு போஸ்ட் ஆபீஸ்ல போடு" என்கிறாள். அவள் அப்பாவும் தலையாட்டுகிறார். 19 வயதுப் பிள்ளை பேச்சைக் கேட்டா குடும்பம் நடத்துவது?

பதில்: தங்கச்சி, ஏற்கெனவே அப்படித்தானே நடத்துகிறீர்கள்! கரண்ட் பில், கேஸ் புக்கிங், தம்பி பள்ளிக்கூடப் பணம் எல்லாம் யார் போனில் போகிறது? டிவி வாங்கும்போது அவளைத்தான் கேட்டிருப்பீர்கள். பவுன் என்று வந்ததும் மட்டும் அவள் சின்னப்பிள்ளை ஆகிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீட்டு முடிந்தால் கையில் காசு வராது, நகையாகத்தான் எடுக்க வேண்டும், அதில் செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. கடை மூடினால் வங்கி டெபாசிட்டுக்கு உள்ள இன்சூரன்ஸும் இதற்குக் கிடையாது. அதனால் அவள் சொல்வது நியாயம். ஆனால் பாதியில் நிறுத்தினால் கடைக்காரர் தரும் போனஸ் போய்விடும், இந்தச் சீட்டை முடித்துவிட்டு அடுத்ததில் சேராமல் இருங்கள்.

அவள் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தபால் அலுவலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) 5 வருடம், 3 வருடத்துக்கு முன்னால் முடிக்கவும் விடமாட்டார்கள். அவளுக்கோ இரண்டு வருடத்துக்குள் பி.எட். ஃபீஸ் கட்ட வேண்டும்! வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போடச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே, அதை வீட்டுச் செலவுக்கு வாங்காதீர்கள், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அவளிடமே இருக்கட்டும்.

இன்னொன்று, சீட்டு மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சுய உதவிக் குழுக் கடன், பீடிக் கூலி குறைகிற வாரம், மழைக்காலத்தில் அப்பாவுக்கு வேலை இல்லாத நாட்கள், ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வரி, இதையெல்லாம் பெண்பிள்ளையிடம் எதற்கு என்று மறைத்திருப்பீர்கள், எங்கள் அம்மாவும் அப்படித்தான். முடிவில் பங்கு கேட்பவளுக்கு நோட்டு முழுசும் தெரிய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள், பத்தாவது படிக்கிறவனும் பக்கத்தில் இருக்கட்டும், அடுத்து பைக் கேட்கப் போகிறவன் அவன்தானே!